இடையில் ஒருத்தி

"வெந்நி இன்னும் சூடா வேணும்னு சொல்லு," என்றாள் நர்ஸ் பிரகதாம்பாள், பிரசவத்துக்கு வந்து மேசையில் கிடந்த சின்னப்பிள்ளையிடம்.

சின்னப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே தலையைத் திருப்பினாள். "ஆயாம்மா, இன்னும் சூடா வேணுமாம்."

"இதுக்கு மேல சூடாக்கினா கை வெந்துபோகும்னு நர்சம்மாகிட்டச் சொல்லு," என்றாள் மருதாயி, மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

"ஏங்க, நான் பிள்ளை பெக்க வந்தேனா, ஒங்களுக்குத் தூது போக வந்தேனா?"

ஆலங்குடிச் சாலையோரத்தில் இருந்த அந்தப் பிரசவ விடுதியில் வேலைக்கு இருந்தது அவர்கள் இருவர்தான். பதினோரு நாளாக நேர்ப்பேச்சு இல்லை. தர்மாமீட்டரை உதறும்போது மேசை விளிம்பில் மோதி உடைத்தது பிரகதாம்பாளின் கை. புதுக்கோட்டையிலிருந்து ஜீப்பில் வந்த டாக்டரம்மா, ஆயாதான் உடைத்தாள் என்று தானே முடிவுகட்டி, "இன்னொரு தரம் நடந்தா வீட்டுக்குப் போயிரு" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். பிரகதாம்பாள் வாய் திறக்கவில்லை. மருதாயியும் மறுத்துப் பேசாமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்குக் கத்தி, அதோடு முடித்திருக்கலாம். அந்தப் பார்வையை என்ன செய்வது? அன்று சாயங்காலமே முந்திக்கொண்டு பேச்சை நிறுத்தியவள் பிரகதாம்பாள்தான். தப்பு தன்னுடையது என்பதால்தான் இத்தனை வீம்போ என்று சோறு பிசையும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். நினைப்பதோடு சரி.

குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றும் நகரவில்லை. தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் முகம் நீலம் பாரித்தது. ஒருத்தி அடிவயிற்றை அமுக்க, அதே நொடியில் மற்றவள் கீழே குழந்தையை வாங்க வேண்டும்.

"அடிவயித்த அமுக்கச் சொல்லு!"

சின்னப்பிள்ளையின் கண் செருகியிருந்தது. சொல்ல ஆளில்லை. மருதாயி மேசையை ஒட்டி வந்துவிட்டாள். எந்த இடம், எந்த நேரம் என்று தெரியாமல் அவள் கை வயிற்றுக்கு மேலே அப்படியே நின்றது.

"அக்கா..." பிரகதாம்பாளின் குரல் கிழிந்து வந்தது. "எலும்புக்கு மேல. இல்ல, இங்கிட்டு. நான் சொல்றப்ப... இப்ப! அமுக்குங்க அக்கா!"

மருதாயியின் உள்ளங்கை இறங்கியது.

"விட்றாதீங்க!"

"விடல. நீ வாங்கு!"

தோள் திரும்பியது. பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. மருதாயி உள்ளங்காலில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு மெல்லச் சிணுங்கி, பிறகு வீறிட்டது. சின்னப்பிள்ளை முனகிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

பிரகதாம்பாள் தொப்புள்கொடியைக் கட்ட நூலை எடுத்தாள். "தர்மாமீட்டர ஒடச்சது நான்தான்க்கா. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்ததும் சொல்லிர்றேன்."

"எனக்குத் தெரியாதாக்கும்? மொதல்ல கொடியக் கட்டுங்க நர்சம்மா."

 முதல் முடிச்சு வழுக்கி நெகிழ்ந்தது. மறுபடி போட்டபோது, ரத்தமும் ஈரமுமாய் மருதாயியின் சுட்டுவிரல் வந்து முடிச்சின்மேல் அழுந்தி நின்றது. பிரகதாம்பாள் நூலை இழுத்து இறுக்கினாள். விரலுக்கடியில் கொடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.