மிளகுத் தரகர் சுருங்கிய விவரம்

கொச்சி மட்டாஞ்சேரி மிளகுத் தரகர் கல்யாணராமன் 1958 வைகாசியில் சுருங்க ஆரம்பித்தார். அந்த மாதம் மிளகு விலை ஏறியிருந்ததால் கடைவீதியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கவனித்தவள் அவர் மனைவி கனகாம்பாள்தான். வேஷ்டி தரையில் புரள்வதைப் பார்த்து, அது நீண்டுவிட்டதென்று ஜவுளிக்கடைக்காரனோடு சண்டைக்குப் போனாள். வேஷ்டி எங்கேயாவது நீளுமா?

காரணம் சென்னையில் இருந்தது. கனகாம்பாளின் தம்பி சிவசங்கரன் அங்கே சினிமாவில் காமெடி எழுதி, தானே நடித்துக்கொண்டிருந்தான். அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். அந்த நாளில் தரகர்கள் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டை விரித்து, அதனடியில் வாங்குகிறவர் கையைப் பிடித்து, விரலை அழுத்திப் பேரம் பேசுவார்கள். கல்யாணராமனுக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. இரண்டாவது காப்பிக்குக்கூட மனைவி கைமேல் துண்டைப் போட்டுத்தான் கேட்பார். சென்னைக்குப் போகுமுன் உள்ளூர் நவராத்திரி நாடகத்தில் சிவசங்கரன் அதை நடித்துக் காட்டியபோது ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் கல்யாணராமன். அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

1952-இல் அவர்களுடைய ஒரே பெண் சீதாலக்ஷ்மிக்கு டைபாய்டு வந்தது. நாலு வயது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கல்யாணராமன் தோளிலிருந்த துண்டை எடுத்து டாக்டர் கைமேல் போட்டு, அடியில் விரலை அழுத்தினார். ஒரு விரல், இரண்டு விரல், பிறகு கை முழுவதும். தன் ஆயுசைத்தான் விலையாகச் சொன்னார் என்பது கனகாம்பாளுக்கும் சிவசங்கரனுக்கும் புரிந்தது, டாக்டருக்குப் புரியவில்லை. கையை உருவிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் குழந்தையும் போய்விட்டது. கதவோரம் நின்ற சிவசங்கரன் அழுதான். பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே அழுதான். ஆனால் நடிகனுடைய கண் இருக்கிறதே, பாழாய்ப்போன கண், அது அழும்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆறு வருஷம் அந்தக் காட்சியை அவன் தொடவில்லை. 1958 தொடக்கத்தில் ஒரு பட முதலாளி அவசரமாகக் காமெடி கேட்டார். கைவசம் சரக்கு தீர்ந்திருந்தது. தரகர் ஒருவர் குழந்தை உயிருக்காக டாக்டரிடம் துண்டைப் போட்டுப் பேரம் பேசுவதாக எழுதினான். படத்தில் குழந்தை பிழைத்து எழுந்து முறுக்கு கேட்கும். அந்த முறுக்குதான் அவன் மனசாட்சிக்குக் கொடுத்த லஞ்சம்.

வைகாசியில் படம் வந்ததும் தமிழ்நாடே உருண்டு சிரித்தது. எந்தக் கொட்டகையில் அந்தச் சிரிப்பு எழுந்தாலும் மட்டாஞ்சேரியில் கல்யாணராமன் ஒரு நூல் குறைந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பள்ளுருத்திக் கொட்டகைக்குப் படம் வந்த வாரம் ரொம்ப மோசம், பக்கமாயிற்றே. முதலில் மிளகு மூட்டைமேல் ஏறி நின்று பேரம் பேசிப் பார்த்தார். விரல் சின்னதாகிப் போய், அழுத்துவது வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் போனதும் தொழில் நின்றது.

தீபாவளிக்கு வந்த சிவசங்கரன் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டான். பெட்டியிலிருந்த சீதாலக்ஷ்மியின் சட்டையைக் கனகாம்பாள் அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள். அளவு சரியாக இருந்தது.

"அத்திம்பேர், நேக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றான்.

"என்னத்தைப் பறயறது? நானும் பாத்தேன், நன்னாத்தான் பண்ணியிருக்கே, கேட்டயா. ஆனா டாக்டர் கையை உருவிண்டப்பறம் அந்தத் துண்டை நான் கொழந்தைக்குப் போத்திவிட்டேன். அதை நீ காட்டலை."

சிவசங்கரன் ஓடோடிப் போய்ப் படத்தை நிறுத்தப் பார்த்தான். அப்போதெல்லாம் காமெடியைத் தனியாக எடுத்துத்தான் கதையோடு ஒட்டுவார்கள். ஒட்டியதை வெட்டுவதும் சுலபம். படம் பெட்டிக்குள் போன பிறகும் அந்தத் துண்டுக் காட்சியை மட்டும் கத்தரித்து வேறு படங்களோடு சேர்த்து ஓட்டினார்கள். யாரிடம் போய்க் கெஞ்சுவது? கடைசியில் 1962-இல், சம்பாதித்ததையெல்லாம் போட்டு, சிரிப்பே இல்லாத ஒரு படம் எழுதினான். தரகராகத் தானே நடித்தான். குழந்தை செத்துப்போகும், துண்டைப் போர்த்திவிட்டு அவன் அழுவான். அத்திம்பேர் இழந்த உயரமெல்லாம் திரும்பிவிடும் என்று நம்பினான். திரையில் அவன் முகம் தெரிந்த உடனேயே ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிக்கவைத்தே பழக்கிய முகம், அவர்கள்மேல் என்ன தப்பு? அவன் அழ அழ அவர்களுக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் கல்யாணராமன் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டார்.

1964-இல் சிவசங்கரன் சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கே திரும்பினான். படச்சுருள்களும் தேய்ந்து ஓடாமலாகிவிட்டன. கல்யாணராமன் அதற்குமேல் சுருங்கவில்லை, வளரவும் இல்லை. கனகாம்பாள் தம்பியைத் திட்டவில்லை. கணவரை உள்ளங்கையில் ஏந்தி வந்து அவன் சட்டைப்பையில் இறக்கிவிட்டாள்.

"நேக்கு இவர் பாரமே இல்லே. இனிமே நீ தூக்கு" என்றாள்.

பைக்குள் போனவுடன் அவன் இடது தோள் இறங்கிவிட்டது. ஒரு முழு ஆள் பாரம். மிளகு மண்டிக்குப் போகவேண்டுமென்று கல்யாணராமன் உள்ளேயிருந்து சொன்னார். அன்று முதல் தினமும் காலையில் சிவசங்கரன் அவரைச் சுமந்துகொண்டு, மூச்சு இளைக்க இளைக்கக் கடைவீதியில் நடந்தான். பையில் என்ன இருக்கிறது என்று மட்டாஞ்சேரியில் யாரும் கேட்கவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்திருந்த ஒச்சப்பன் மட்டும் அவன் நடையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"நெதம் தூக்குற பாரம்னா நடையை எட்டிப் போடாதீக, சாமி. சின்ன அடியா வைங்க" என்றான்.

சிவசங்கரன் அப்படியே நடக்கப் பழகிக்கொண்டான்.