அவசரப்பட்டு மழித்த தலைகள்

மார்லீனுக்குப் புற்றுநோய் என்று டன்வேல் ஊரே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டாமல் இருந்தவர்கள் டாக்டர்கள் மட்டும்தான்.

முதலில் ஓரெஸ்டைத்தான் திட்ட வேண்டும். மார்லீனின் கணவன் தங்கமானவன், ஆனால் வாய் ஓட்டை. பனித்தரையில் கனமான கல்லை வழுக்கிவிட்டு நாலு நாலு பேராக ஆடும் கர்லிங் ஆட்டத்தில், தன் கல்லைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க முடியாமல் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே பார்த்த உள்ளூர் டாக்டர், "தொடை எலும்புல கட்டி மாதிரி ஏதோ தெரியுது. என்னன்னு இங்க சொல்ல முடியாது, சாஸ்கட்டூன் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். மறுநாள் கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கும் கோதுமை விவசாயிகளிடம் ஓரெஸ்ட் உதிர்த்தது ஒரே வார்த்தை: கட்டி. மத்தியானத்துக்குள் அது கேன்சராகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் முட்டைக்கோஸ் சுருளும் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டையுமாக ஏனங்கள் வரிசை கட்டி நின்றன. செத்த வீட்டுக்குத்தான் அந்த ஊரில் அவ்வளவு சாப்பாடு வரும்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கேன்சர் மருந்து ஏறி ஒருத்திக்கு முடி கொட்டத் தொடங்கினால், அவளோடு ஆடும் குழுவினரும் மொட்டையடித்துக்கொள்வது டன்வேல் வழக்கம். அவள் மட்டும் தனியாகத் தெரியக் கூடாதாம். நல்ல வழக்கம்தான். ஆனால் குழுத் தலைவி டோனெல்டா இருக்கிறாளே, ஆறப் பொறுக்காதவர்களை ஊரில் பார்த்திருக்கிறோம், இவள் ஆக்கவே பொறுக்காதவள். சாஸ்கட்டூனில் மார்லீனின் எலும்பிலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரவில்லை. அதற்குள் சனிக்கிழமை, ஊர்க்கூடத்தில், எல்லோரும் கைதட்ட, டோனெல்டாவும் மற்ற இரண்டு பெண்களும் மழமழவென்று மழித்துக்கொண்டார்கள். டோனெல்டாவின் செம்பட்டைப் பின்னல் அவள் மடியில் விழுந்தது.

"கொஞ்சம் பொறுங்கடி" என்று மார்லீன் சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளுக்குள் அவளும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தாள். மகன் பள்ளிப் படிப்பை முடிப்பதைப் பார்க்கக் கொடுத்துவைக்குமா என்பதுதான் அவள் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

முடிவு சொல்லும் நாளன்று, சாஸ்கட்டூன் எலும்பு மருத்துவர் டாக்டர் க்ராஸ்லி கதவைத் திறந்து உள்ளே வரும்போதே சொல்லிவிட்டார்.

"கேன்சர் இல்ல."

ஓரெஸ்ட் கையிலிருந்த தொப்பியைக் கீழே போட்டான்.

"நெசமாவா?" என்றாள் மார்லீன்.

"நெசமாத்தான். இதோ பாருங்க, எக்ஸ்ரேல இந்த எடம் மட்டும் தேய்ச்ச கண்ணாடி மாதிரி மங்கலா இருக்கில்ல? நல்ல எலும்பு இருக்க வேண்டிய எடத்துல நார் நாரா வளந்திருக்கு. அதுக்கு நடுவுல அரைகுறையா எலும்பு. எடுத்த துளியிலயும் அதேதான் இருக்கு. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது இது. உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தமே, வேற எங்கயும் இல்ல."

"என் பையனுக்கு வருமா?"

"பரம்பரையா வர்றது இல்லம்மா."

"அப்போ வலி?"

"பலமில்லாத எலும்பு, பனியில குனிஞ்சு குனிஞ்சு ஆடுனதுல மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கு. முறியறதுக்குள்ள உள்ள ஒரு கம்பி வெச்சுத் தாங்க விடுவோம். நாரு அங்கயேதான் இருக்கும், போகாது. வருஷா வருஷம் ஒரு படம் எடுத்துப் பாத்துக்கலாம்."

"கீமோ?"

"எதுக்கு? ரேடியேஷனும் கூடாது, குடுத்தா இதுக்குக் கெடுதல்தான்."

"அப்போ என் முடி கொட்டாதா?"

"முடிக்கு என்ன வந்துச்சு?" என்றார் டாக்டர்.

ஓரெஸ்ட் தாங்க முடியாமல் சிரித்தான். சிரிப்பு நடுவழியில் அழுகையாகி, மூக்கைச் சிந்திக்கொண்டே காரை ஓட்டினான். மார்லீனுக்கு அப்பாடா என்றிருந்தது. உயிர் திரும்பிய சந்தோஷம் ஊர் எல்லை வரை தாங்கியது. தானியக் கிடங்கு கண்ணில் பட்டதும் வேறு கவலை பிடித்துக்கொண்டது.

"அவளுங்க மூஞ்சில எப்படிப்பா முழிப்பேன்? மூணு பேரும் மொட்டைத் தலையோட நிக்கறாளுங்க."

"நானா மொட்டை போடச் சொன்னேன்?"

"வாயத் தொறக்காத. எல்லாம் உன்னாலதான்."

பனிக்கூடத்தில் மூவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக் குல்லாய்கள் பெஞ்சில் கிடந்தன. வியர்த்த மொட்டைகள் விளக்கில் மின்னின. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மார்லீன் உள்ளே வந்ததும் கற்கள் நின்றன.

"கேன்சர் இல்லடி" என்றாள். "எலும்புல நாராம். கம்பி வெச்சா சரியாப் போயிடுமாம். என்ன மன்னிச்சிடுங்க. உங்க முடி..."

தோற்றாலும் கண் கலங்காத டோனெல்டா, கல் ஓடத் தரையைத் தேய்க்கும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பனித்தரையிலேயே உட்கார்ந்து, ஊர் கேட்க ஓவென்று அழுதாள். மார்லீன் பதறிப்போனாள்.

"அடிப் பாவி!" என்று டோனெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முடி வளரும்டி. ஒன்ன எங்க போய் வளக்கறது?"

மார்லீன் அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த ஆட்ட முடிவுப் பலகையைப் பார்த்தாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆட்டமும் தோல்வி.

"என் எடத்துல யாரையும் போடலையா?"

"நாலாவது ஆளு ஆஸ்பத்திரில இருக்கா, வந்துடுவானு சொன்னேன்" என்றாள் டோனெல்டா. "மூணு பேர் ஆடலாம்னு விதி இருக்கு. தோக்கலாம்னும் இருக்கு."

மொட்டையடித்தபோது இவர்கள் தன்னை வழியனுப்புகிறார்கள் என்றல்லவா மார்லீன் நினைத்திருந்தாள்! ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, டோனெல்டாவின் சில்லிட்ட மொட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, இத்தனை நாள் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.