மடுவில் பதினொன்று குறைந்தது

...இல்லை, வாளியில்தான் ஆரம்பிக்க வேண்டும், முதல் வரியிலேயே அந்த வாளியைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் பெரிய சாருக்குத் தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தாள், நினைத்தபடியே எழுதியதை அடித்தாள். மணி ஒன்பதேகால். பதினொன்றுக்குள் காகிதம் சார் மேசையில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் மீன்தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் விட்டுவிட்டு உறுமியது, அது நிற்கும் நொடிகளில் வராந்தாவிலிருந்து ஓர் இருமல் கேட்டது. உடும்பு இருமுகிறார். ஜன்னலைப் பார்த்தால் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும், அதனால் அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. சார் பதினொன்றுக்கு வரச் சொன்ன ஆள் எட்டரைக்கே வந்துவிட்டார். குற்றம் செய்யாதவர் இவ்வளவு சீக்கிரம் வருவாரா... குற்றம் செய்தவர் மட்டும் வருவாரா? வழுக்கும் பாறையில் நாலு விரலை ஊன்றி ஒட்டிக்கொள்வார் என்பதால் ஆற்றுப் பக்கத்தில் எல்லோரும் வைத்த பெயர் உடும்பு, அவருக்கும் அதில் கோபமில்லை, ஆராய்ச்சி நிலையத்தின் வருகைப் பதிவேட்டில்கூட ஒரு தடவை அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிரிக்கவைக்கிற ஆள்தான். சிரிக்கவைக்கிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும் என்று இந்த மூன்று வாரத்தில் அவள் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

மூன்று வாரம். அதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது, அல்லது சரியாக இருப்பதாக அவள் நம்பினாள். கோடையில் ஆறு வற்றி மணலும் கல்லுமாகக் கிடக்கும்போது அங்கங்கே குட்டையாய்த் தேங்கும், பாறைக்கடியில் அந்த ஒரு மடுவில் மட்டும்தான் தண்ணீர் குளிர்ச்சியாக நிற்கும், ஆறு முழுக்க இருந்த புள்ளிக்கெண்டைகளில் மிச்சமிருப்பவை அங்கேதான் ஒதுங்கும், வேறெங்கும் கிடையாது, அதைக் காக்கத்தான் இந்த நிலையம், அதைக் காக்கத்தான் உடும்புக்கு இந்த வேலை. செவுளுக்குப் பின்னால் ஒவ்வொரு மீனுக்கும் புள்ளிகள் ஒவ்வொரு விதமாக இருக்கும், அதை வைத்து ஆள் அடையாளம் போல மீன் அடையாளம் பிடிக்கலாம், அதுதான் அவள் வேலை. போன கோடையில் தண்ணீருக்குள் கேமரா இறக்கி எடுத்த படங்களில் இருபத்து மூன்று மீன். இந்தக் கோடையில் கேமராவை நம்பாமல், மெல்லிய வலை போட்டுப் பிடித்து, துணித்தொட்டியில் சேர்த்து, குறுகலான கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொன்றாக விட்டு, இடப்பக்கம் மட்டும் படமெடுத்துத் திருப்பி விட்டார்கள். பன்னிரண்டு. மறுபடி வலை போட்டார்கள், பன்னிரண்டேதான். பதினொன்று எங்கே? அன்றைக்கு உடும்பு துணித்தொட்டியை மடித்துக்கொண்டே போன வருஷம் எத்தனைம்மா என்று மட்டும் கேட்டார், இருபத்து மூணு என்றாள், அவர் முகம் போன போக்கு... அது பயமா, கணக்குப் போடுகிற முகமா? அப்போதே கேட்டிருக்கலாம். அண்ணே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி. வாய் வரவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கவே வாய் வராதவள், ஐம்பது வயது மனிதரைப் பார்த்து இதை எப்படிக் கேட்பாள்? கேட்க முடியாததையெல்லாம் அவள் பார்த்தே தெரிந்துகொள்வாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், கதவிடுக்கு, முகம், குரல்.

பார்த்தாள். எண்ணிய மறுநாளே அவர் சைக்கிளில் ஒரு வாளி, வாய் துணியால் கட்டியிருந்தது. மடுவுக்குக் காவல் இருக்க வேண்டியவர் பட்டப்பகலில் பாலத்துக்கடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். இன்னொரு நாள் அதற்கும் மேலே, தடுப்பணைப் பக்கம். அவளைப் பார்த்ததும் வாளியை உடம்புக்குப் பின்னால் நகர்த்தினார். நகர்த்தினாரா, இல்லை சும்மா திரும்பினாரா? நகர்த்தினார். அபூர்வ மீனென்றால் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மீன் தாராளமாகப் போகும், பதினொன்றுக்கு ஆறு நடை போதும். இதையெல்லாம் நேற்று சாரிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சார் அதிர்ந்து பேசாதவர். “எழுதிக் குடும்மா. ஆளை மாத்திடலாம்” என்றார், அவ்வளவுதான், பதினெட்டு வருஷம் ஆற்றில் நின்ற ஒருவரை மாற்ற இத்தனை வார்த்தை போதுமாயிருந்தது. காலையில் கிளம்பும்போது அக்காவிடம் சொன்னபோது அவள் தலை வாரிக்கொண்டே கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தாள். “நீதானே காணாமப்போன என் வளையலுக்குப் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டவ? ஒரு மாசம் அவங்க முகத்தையே பாக்கல. கடைசியில அது எங்கடி இருந்துச்சு?” தலையணை உறைக்குள். “அது வேற, இது வேறக்கா.” “எல்லாம் வேறதான். போய் அந்த மனுஷன்கிட்ட வாயைத் திறந்து கேளு, முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது.” இவளுக்கு என்ன, வங்கிக் கவுண்டரில் நாளுக்கு நூறு பேரிடம் பேசுகிறவள்.

சரி, வாளி. அடுத்து மீனுக்கு ஒன்றாகப் படம் ஒட்டி எண் போட்ட அட்டைகள். இரண்டு வருஷ அட்டைகளையும் இணைக்காமல் கொடுத்தால் அறிக்கை அறிக்கையாக இருக்காது. போன வருஷத்து இருபத்து மூன்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள், எல்லா மீனும் இடப்பக்கம் பார்த்தபடி, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, பார்க்கவே நிறைவாக இருந்தது. அவள் உள்ளங்கை நீளம் ஒவ்வொன்றும். நாலாம் எண்ணுக்கு வால் மேல்மடலில் ஒரு வெட்டு, பல்லால் கடித்த மாதிரி. இது இந்த வருஷமும் வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் முரண்டு பிடித்தது. பதினேழுக்கும் வால் மேல்மடலில் வெட்டு. அதே ஆழம். அவளுக்குக் காது சூடானது. இரண்டு மீனுக்கு ஒரே இடத்தில் வெட்டு எப்படி வரும்? கத்தரிக்கோல். அடையாளம் வைத்திருக்கிறார்... இதை எடுத்துக்கொள், இதை விடு என்று வாலை வெட்டி, போன வருஷமே, அவள் கண்முன்னாலேயே! பேனாவை எடுத்தாள். காவலரே மீன்களின் வாலில், என்று எழுதினாள். இன்னும் எத்தனைக்கு வெட்டு இருக்கிறது என்று பார்க்கப் பூதக்கண்ணாடியை நகர்த்தினாள், ஒன்பதுக்கு மேலுதட்டில் தூண்டில் கிழித்த தழும்பு. இருபதுக்கும் மேலுதட்டில் தழும்பு. தூண்டிலும் போட்டாரா? ஆனால் அதே உதட்டில், அதே இடத்தில், அதே வளைவில்... பூதக்கண்ணாடி இருபதின் ஓரத்துக்கு நகர்ந்தது. படத்தின் வலது ஓரத்தில் சிவப்புத் துணி சுற்றிய குச்சி. கேமரா நகராமலிருக்க உடும்பு மடுவில் அடித்துக் கொடுத்த குச்சி. அது இடது ஓரத்தில் அல்லவா இருக்கும்? ஒன்பதில் இடது ஓரம். நாலில் இடது. பதினேழில் வலது. குச்சி எப்படி நடக்கும்?

குச்சி நடக்காது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் இல்லாத ஒரு விடுமுறை நாள், போன கோடை, இதே மேசை, கணினியில் இருநூறு படம், மீன்கள் வருவதும் போவதுமாக, சில இடப்பக்கம் பார்த்து, சில வலப்பக்கம் பார்த்து, கண்ணை உறுத்தியது. புத்தகத்தில் மீன் எப்போதும் இடப்பக்கம்தான் பார்க்கும், கல்லூரியில் வலப்பக்கம் பார்த்து மீன் வரைந்தால் ஆசிரியை அரை மதிப்பெண் குறைப்பார். வலப்பக்கம் பார்த்தவற்றையெல்லாம் அவள்தான் திருப்பினாள், ஒரே ஒரு பொத்தான், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி அத்தனையும் இடப்பக்கம் பார்த்தன, அழகாக. மீனின் இடப்பக்கத்துப் புள்ளி வேறு, வலப்பக்கத்துப் புள்ளி வேறு. இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதானே தேர்வில் எழுதினாள். நாலும் பதினேழும் ஒரு மீன். ஒன்பதும் இருபதும் ஒரு மீன். அட்டைகளை ஜோடி சேர்த்தாள், வால், உதடு, முதுகுத்துடுப்பில் முறிந்த முள், கண்ணுக்குக் கீழே வடு, எதுவும் சிக்காதபோது கணினியில் பழைய படங்களைத் திறந்து, ஒரே மீன் திரும்பி நீந்தும் நொடியைத் தேடிப் பிடித்து... பதினொரு ஜோடி. ஒரு தனி அட்டை. பத்தே முக்கால்.

பன்னிரண்டு. போன வருஷமும் பன்னிரண்டுதான்.

அப்படியென்றால் வாளி? அந்த வாளியை என்ன செய்வது? ஒருவேளை அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் மனசே இந்த ஜோடிகளைச் சேர்த்துவிட்டதா, நேற்று திருடனைப் பார்த்த கண்தானே இது, இன்று பிழையைப் பார்க்கிறது, எந்தக் கண்ணை நம்புவது? அட்டைகளை வாரிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனாள், திரும்பினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி போனாள். உடும்பு எழுந்து நின்றார். சலவைச் சட்டை, அதில் மடிப்புக்கூடக் கலையவில்லை. பெஞ்சுக்கடியில் அந்த வாளி.

“அண்ணே... அந்த வாளியில என்ன?”

கேட்டே விட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அவர் குனிந்து துணியை அவிழ்த்து வாளியைத் தூக்கிக் காட்டினார். அதன் வழியாக வராந்தாவின் தரை தெரிந்தது. அடிப்பக்கத்தை வட்டமாக அறுத்துக் கண்ணாடி ஒட்டியிருந்தார். “தண்ணி மேல வச்சு அழுத்திப் பாத்தா தரை வரைக்கும் தெரியும்மா. உடைஞ்சிடக் கூடாதுன்னு துணி. நீங்க சொன்ன அந்தப் பதினொண்ணைத்தான் தேடுறேன். பாலத்துக்கடியில பாத்தாச்சு, தடுப்பணையில பாத்தாச்சு. ஒண்ணும் சிக்கல.” பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒண்ணு கேக்கலாமா, தப்பா நெனக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“போன வருஷம் நீல ட்ரம்முல தண்ணி பிடிச்சு வண்டியில ஏத்துனீங்களே... அதுல மீனும் போச்சா? ஆராய்ச்சிக்குன்னா பரவாயில்ல. சார்கிட்ட சொல்ல மாட்டேன்.”

ட்ரம்மில் போனது சோதனைக்கான வெறும் தண்ணீர். மூன்று வாரமாக அவர் முகம் கொடுக்காமல் போனதற்கு இதுவா காரணம்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு நாலாம் அட்டையையும் பதினேழாம் அட்டையையும் நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு பார்வைதான். “நம்ம ரவுடிப்பயல். ரெண்டுலயும் அவனேதானே, எதுக்கு ரெண்டு நம்பர்?” போன வருஷமே காட்டியிருக்கலாம், ஒரே ஒரு தடவை. அவள் சொன்னாள், திக்கித் திக்கி, படம் திருப்பியதை, எண்ணியதை, சாரிடம் சொன்னதையும் சேர்த்து. வாளியைப் பற்றிச் சொன்னதைச் சொல்லும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாளிக் கண்ணாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மூணு வாரமா எனக்கு சோறே இறங்கலம்மா” என்றார், அவளைப் பார்க்காமல். “மன்னிச்சிடுங்கண்ணே. உள்ள போய் நான்தான் தப்பா எண்ணினேன்னு சொல்லப் போறேன்.” “சொல்லுங்க” என்றார். அதில் சமாதானம் இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சார் அறையின் மணி அடித்தது. அவள் நாலடி நடந்திருப்பாள்.

“அப்ப போன வருஷம் பன்னெண்டு, இந்த வருஷமும் பன்னெண்டு.”

“ஆமாண்ணே. ஒண்ணுகூடப் போகல.”

“அதே பன்னெண்டா?”

இருபத்து மூன்றோடு ஒப்பிட்டு யாரெல்லாம் இல்லை என்று பார்த்தாளே தவிர, யார் புதிது என்று அவள் பார்க்கவேயில்லை. நின்ற இடத்திலேயே இந்த வருஷத்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வால் வெட்டு இருக்கிறது. உதட்டுத் தழும்பு இருக்கிறது. முறிந்த முள், கண்ணடி வடு... அதே பன்னிரண்டு. எல்லாம் உள்ளங்கை நீளம், ஒரு வருஷம் மூத்தவை. போன மழைக்குப் பொரித்திருந்தால் இந்நேரம் விரல் நீளம் வந்திருக்கும், புள்ளி விழுந்திருக்கும், வலையின் கண்ணுக்கு அது தப்பாது. விரல் நீளத்தில் ஒன்றுகூட இல்லை.

“குஞ்சே இல்லையேம்மா” என்றார் உடும்பு மெதுவாக. “ஏன்?”

மணி மறுபடி அடித்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், அறைக் கதவைப் பார்த்தாள். யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை.