பக்கத்துச் சானல்

...இந்த வயர்லெஸ் செற்றை இப்படியே கொடுத்துவிட்டால் என்ன, பார்த்தாயிற்று அண்ணை, கொண்டுபோங்கோ என்று சிரித்த முகத்தோடு கையில் கொடுத்துவிட்டால், நாலு மணிக்குக் கடற்படை முகாமில் சோதனை, செற்றைப் போட்டுப் பேசச் சொல்லுவார்கள், இவர் பன்னிரண்டாம் சானலில் பேசப் பேசப் பக்கத்தில் அவர்களுடைய சானலிலும் குரல் போய் விழும், பிறகு விசாரிப்பார்கள், தொண்ணூற்றைந்தில் என்னை விசாரித்தமாதிரியே விசாரிப்பார்கள், நல்லாய் வாங்கிக் கட்டட்டும்... ஆளைப் பார், கடை வாசலில் மரவாங்கில் குந்தியிருந்து துறைமுகத்துக் காற்று வாங்குகிறார், மூன்று வள்ளத்துச் சொந்தக்காரர் கனகசுந்தரம். "தம்பி பாக்கியம், மற்றச் செற் பழுதாப் போச்சு, அதுதான் இந்தப் பழசைக் கொண்டுவந்தனான். பக்கத்துச் சானலிலையும் கேக்குதாம். இண்டைக்குச் சரிவராட்டி வள்ளம் இறக்க விடமாட்டாங்கள்." தம்பியாம்! இதே வாய்தானே அன்றைக்கு முகாமில் சொன்னது, பாக்கியரத்தினம் திருத்தித் தந்த பிறகுதான் செற் உங்கட சானலிலும் விழுகிறது என்று, வேணுமென்று செய்தவன் என்று என்னைக் கொண்டுபோனார்கள், ஏழு மாதம், இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது, என் மனுசி பூரணி என்னைத் தேடி ஒவ்வொரு முகாம் வாசலாக நின்று நின்று, வயிற்றில் இருந்த பிள்ளையும் தங்கவில்லை. பச்சைப் பொய், நான் கொடுக்கும்போது இதே செற் திறமாக வேலை செய்தது, நான் பேசிப் பார்த்துத்தானே கொடுத்தனான்.

இப்போது உண்மையாகவே பழுதாம், பார்த்தியா கடவுளின் வேலையை... ஆனால் சும்மா கொடுத்தால் போதாது, இன்னும் பெருப்பித்துக் கொடுக்க வேண்டும், முகாமில் இருக்கிறவனின் காது கிழிய வேண்டும், அதற்கு அந்தக் கசிவு எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். மூடியைக் கழற்றினேன், நடுவில் சிந்தசைசர் சிப், ஒரேயொரு பளிங்கை, அந்தக் கிறிஸ்டல் துண்டை, வைத்துக்கொண்டு எல்லாச் சானலையும் உண்டாக்கித் தருகிற சாமான், அதைச் சுற்றி ஏதாவது கெட்டால் கேட்ட அலைக்கு இரண்டு பக்கமும் கேட்காத அலை முளைக்கும். செற்றைப் பேசவிட்டு என் றிசீவரைப் பக்கத்துச் சானலில் வைத்தேன், அதன் மீற்றர் முள் கொஞ்சம் எழும்பி நின்றது, ஓம், இருக்கிறது. ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை ஒவ்வொன்றுக்கும் கிட்டக் கொண்டுபோனேன், கெட்ட சாமான் சூட்டுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், சிப்புக்குக் கிட்ட ஒன்றுமில்லை, பளிங்குக்குக் கிட்ட ஒன்றுமில்லை, "நேரம் போகுது தம்பி" என்கிறார், போகட்டும், கிடந்து உலையட்டும், நான் ஏழு மாதம் உலையவில்லையா... சிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பாசிட்டர், கோலைக் காட்டினதும் முள் விர்ரென்று ஏறிக் கடைசியில் முட்டியது. அகப்பட்டாய்! சூடேறச் சூடேற ஒழுகுகிறது, இதை மாற்றாமல் விட்டாலே போதும், பின்னேர வெயிலில் செற் கொதிக்கும், மிச்சத்தை அதுவே செய்யும். எந்த மடையன் இந்தச் சனியனை இதிலே வைத்தவன் என்று குனிந்து பார்த்தேன்.

அதன் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி. பூரணியின் நகப்பூச்சு. நான் மாற்றுகிற சாமானுக்கெல்லாம் வைக்கிற அடையாளம், இந்த ஊரில் வேறு ஒருவரும் வைப்பதில்லை. புதுச்சாமான் ஒன்றும் சோதனைச்சாவடி தாண்டி வராத காலம், பழைய ரீவி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டது, ஓம், நான்தான், காலமைக் குளிரில் பத்து நிமிசம் பேசிப் பார்த்தேன், அதுவும் பன்னிரண்டில் மட்டும், பக்கத்தில் என்ன கேட்கிறது என்று பார்த்தேனா? பார்க்கவில்லையே. அப்படியென்றால் மனுசன் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்... அந்த விரல், அந்தப் பிள்ளை, பூரணிக்கு என்ன சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்? வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது, ஆனால் கோபம், அது ஒரு சொட்டும் குறையவில்லை, வாசலில் இருக்கிற அந்த முதுகைப் பார்க்க முன்னையிலும் கூடப் பற்றியெரிந்தது, ஏன், ஏன் இவர் பொய் சொல்லியிருக்கக்கூடாது?

"என்ன, பிழை பிடிபட்டுதோ?"

"ஓம் அண்ணை, பிடிபட்டுது" என்றேன். குனிந்து பார்த்தபோது என் நகம் அந்தச் சிவப்பைப் பாதிக்குமேல் சுரண்டிவிட்டிருந்தது. கப்பாசிட்டரைக் கழற்ற வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.