மேல்மாடி மூன்றாம் வரிசை

வாக்குக் கொடுத்தது தொல்கினின் வாய்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

உருக்காலைக் குடியிருப்பின் ஐந்து கட்டடங்களிலும் ஏறி இறங்கி, கதவு கதவாய்த் தட்டிச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்து சும்மா உக்காருங்க. போதும். தியேட்டர் திறந்ததும் மேல்மாடி உங்களுக்குத்தான். நகராட்சி எழுதியே குடுத்திருக்கு."

"சும்மா உக்கார ஆள் தேடுறாங்களா! என் புருஷன் இருபது வருஷமா அதுலதான் பயிற்சி எடுக்குறான்" என்றாள் மூன்றாவது மாடி குல்பரம். "வர்றோம்டி. ஆனா மூணாவது வரிசை, தூணுக்குப் பக்கத்துல, என் எடம். அதை யாருக்கும் குடுத்துடாத."

அந்தத் தியேட்டர் சைக்கிள் பந்தய அரங்கமாக இருந்த காலம் முழுக்கக் குல்பரம் அங்கேதான் உட்கார்ந்தாள். பக்கத்தில் தொல்கினின் அம்மா உல்மெகென். அம்மா அரங்கத்தைப் பெருக்கிவிட்டு, துடைப்பத்தைக் காலடியில் போட்டுக்கொண்டு பந்தயம் பார்ப்பாள். அந்தச் சம்பளத்தில்தான் தொல்கின் அல்மாத்தி நகரத்துக்குப் போய் ஒலிப் பொறியியல் படித்தாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். படித்து முடித்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, அதே அரங்கத்தை நாடகத் தியேட்டராக மாற்றும் வேலை. அம்மாவுக்கும் வேலை போகவில்லை. துடைப்பத்துக்குப் பதில் இயந்திரம் வந்தது, அவ்வளவுதான்.

சரிவான மரப் பாதையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் மேடை, அதன் முன்னால் பஞ்சு நாற்காலிகள். ஆனால் கூரையை மாற்ற முடியாது. கத்துவதற்காகக் கட்டிய கூரை அது. மேடையில் ஒருவர் பேசினால் முதல் வார்த்தை அடங்குவதற்குள் நான்காவது வார்த்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆட்களை உட்கார வைத்து அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். மனித உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கீழே கல்லூரிப் பிள்ளைகள், மேலே குடியிருப்புக்காரர்கள் இருநூற்று நாற்பது பேர். வாசலிலேயே சூரியகாந்தி விதைப் பொட்டலங்களைப் பிடுங்கி வைத்தாள் தொல்கின். அதை உடைக்கிற சத்தம்கூட ஒலிவாங்கியில் விழும்.

"துப்பாக்கி சுடுவேன். பந்தயம் ஆரம்பிக்கச் சுடுவாங்களே, அதே துப்பாக்கி. குண்டு கிடையாது. சுட்டதும் யாரும் மூச்சுகூட விடக் கூடாது. சரியா?"

"சரி சரி, சுடும்மா" என்றார் ஓராஸ்பெக் மாமா. இளமையில் அங்கேயே பந்தயம் ஓட்டி, அங்கேயே விழுந்து, முழங்காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

சுட்டாள்.

இருநூற்று நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். "அல்கா! அல்கா!" கூரை அதிர்ந்தது. முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு அந்த உடம்புகள் கற்றுவைத்திருந்தது அது ஒன்றுதான். இல்லாத பாதையில் இல்லாத சைக்கிள்களைப் பார்த்து 'அல்கா', அதாவது முன்னே போ, என்று கத்தினார்கள். அப்புறம் தாங்கள் செய்தது உறைத்து, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். குல்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே முதல் வரிசையில் தியேட்டரின் நிர்வாக இயக்குநர் சயாத் கெனெசோவிச் காதைப் பொத்தியபடி திரும்பி மேலே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது முறை சுட்டபோது ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மேல்மாடி காலியாக இருந்தால் எதிரொலி இரண்டரை விநாடிக்கு மேல். அவர்கள் உட்கார்ந்தால் ஒன்றரை. தொல்கினுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இந்த ஜனங்கள் இல்லாமல் இந்த மேடையில் ஒரு வசனம் புரியாது! கருணை அல்ல, சலுகை அல்ல, கணக்கு. அதை அறிக்கையில் விளக்கமாக எழுதினாள். ஒரு ஆள் எவ்வளவு சத்தத்தைக் குடிக்கிறார், அது எத்தனை சதுர மீட்டர் தடித்த கம்பளிக்குச் சமம் என்றுகூட எழுதினாள். படிக்கிறவருக்கு மண்டையில் ஏற வேண்டுமே என்று.

ஏறியது.

"அருமையா எழுதியிருக்கீங்க" என்றார் சயாத் கெனெசோவிச். "கூடாரத்துக்குப் போர்த்துற கம்பளிதானே? ஒரு இருக்கைக்கு ஒரு சுருள் கட்டி வச்சிடலாம்."

"ஆள் வேணும்னு எழுதினேன்."

"ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னு பாத்தீங்க இல்ல? மேடையில ஒருத்தன் சுட்டுக்கிட்டுச் சாவான். மேலேர்ந்து 'அல்கா'ன்னு கத்துவாங்க. தலைநகர்லேர்ந்து விருந்தாளிங்க வர்றாங்க, தங்கச்சி."

"நகராட்சிக் கடிதம் இருக்கு. குடியிருப்புக்கு மேல்மாடின்னு."

"பாதுகாப்புக் காரணத்துக்காகத் தற்காலிகமா மூடியிருக்கோம்னு இன்னொரு கடிதம் இருக்கு. கையெழுத்து நான் போட்டாச்சு. நீங்க போட வேண்டாம். உங்க மனசாட்சிக்கு ஒரு சிரமமும் இல்ல."

அவள் கத்தினாள். கதவை அறைந்தாள். நகராட்சிக்கு மனுவோடு இரண்டு முறை போனாள். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆனால் ஐந்து கட்டடங்களின் படி ஏறிச் சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை. கடைசிவரை ஏதாவது நடக்கும் என்று நம்பினாள். அதற்குப் பெயர் நம்பிக்கை அல்ல, கோழைத்தனம்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரீஸ் பண்டிகையன்று மதியம் திறப்பு விழா. அதற்கு அரை மணி நேரம் முன்னால் மேல்மாடிக்குப் போனாள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சாம்பல் நிறச் சுருள், வாரால் கட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், அம்மா ஒரு சுருளைக் குச்சியால் அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது குல்பரம் எடம்" என்றாள் அம்மா. "பரவாயில்ல, இது விதை துப்பாது." அடுத்த சுருளுக்கு நகர்ந்தாள். அது அவளுடைய இடம். அதையும் தட்டினாள்.

"அம்மா, விடு."

"விட்டா யாரு தட்டுவா? நீயா? போ. கீழ வந்து நிக்கிறாங்க, பாரு. சொல்லிட்டு வா. வாக்குக் குடுத்த வாயே சொல்லட்டும்."

கண்ணாடி வாசலுக்கு வெளியே, வெயிலில், இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ஓராஸ்பெக் மாமா கோட்டில் பழைய பதக்கத்தைக் குத்தியிருந்தார். குல்பரம் உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். விதைப் பொட்டலம் கொண்டுவரவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

தொல்கின் தடுப்பைத் தாண்டிப் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கம்பளி என்றாள். இருநூற்று நாற்பது சுருள் என்றாள். என் கணக்குதான் என்றாள்.

குல்பரம் விரித்த கைகளை இறக்கினாள்.

"அப்ப என் எடத்துல ஆட்டு மயிரு" என்றாள் குல்பரம்.

"ஆமாக்கா."

"படிச்சிட்டு வந்து இதைத்தான் செஞ்சியா?"

திட்டினால் நன்றாக இருக்கும் என்று தொல்கின் நின்றாள். அவர்கள் திட்டவில்லை. பண்டிகை உடுப்பில் யாருக்கும் அவசரமாக வீட்டுக்குப் போகவும் தெரியவில்லை.

அப்போது உள்ளே நிகழ்ச்சி தொடங்கியது. அரங்கத்தின் பழைய காலத்தைக் காட்டும் நாடகம். கண்ணாடியைத் தாண்டி ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான தொண்டைகள். "அல்கா! அல்கா!"

தொல்கினுக்கு அது எது என்று தெரிந்தது. பாழாய்ப்போன முதல் அளவீட்டின் ஒலிப்பதிவை அழிக்காமல் கணினியில் வைத்திருந்தாள். யாரோ எடுத்திருக்கிறார்கள். உள்ளே கைதட்டினார்கள்.

"இது நம்ம சத்தம்டி!" என்றாள் குல்பரம்.

ஓராஸ்பெக் மாமா தலையைச் சாய்த்து, கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். இந்த முறை ஒருவரும் மூச்சுகூட விடவில்லை.

"முதல்ல கேக்குது பாரு, அது நான்" என்றார். "நான்தான் முதல்ல எந்திரிச்சேன்."

அவர் முகத்தில் பெருமை இருந்தது. தொல்கினால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.