ஊசிக்கு ஏது எச்சில்

என் மாமனார் அம்பலவாணன் கை கழுவுவதைப் பார்ப்பதற்கென்றே காரைக்காலில் சிலர் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள் என்று நான் கேலி பேசுவதுண்டு. அன்று மாலையும் கிளினிக் மூலையில் இருந்த தொட்டியடியில் நின்று, முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நகக்கண்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தைய ஆள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அடுத்த ஆள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆர்மான், நாற்காலியில் சாய்ந்தபடி அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கழுவி முடித்தார். ஆணியில் தொங்கிய துண்டில் கையைத் துடைத்தார். காலையிலிருந்து எல்லோரும் வாய் துடைத்த துண்டு அது. பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஜன்னல் கொக்கியைப் போட்டு, அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதே கையை ஆர்மானின் வாய்க்குள் விட்டார்.

இதை நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். முதலில் எனக்குப் புரியவில்லை. இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர் இப்படி ஏன் செய்கிறார் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. அவர் கழுவுவது வருகிறவருக்காக அல்ல, போனவருக்காக. போனவரின் எச்சில் தன் மேல் ஒட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். கிளினிக்கை மூடியதும் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப்போய், கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துணி மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் காலடி வைப்பார். வாய் கொப்பளிக்கிற டம்ளரை யாராவது உதட்டில் வைத்துவிட்டால் முகம் கறுத்துவிடும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பல்லில் ஓட்டை உள்ளவன் மரத்துப்போன வாயோடு அண்ணாந்து ஊற்றினால் சட்டை முழுக்க நனையும். நனையட்டும். டம்ளருக்குப் புளி போட்டுத் தேய்ப்பு. ஊசிக்கும் கொறடுக்கும் மட்டும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு. கேட்டால், “ஊசி உள்ள போயிட்டு வெளிய வருது, அது எங்கம்மா உதட்டுல படுது? ஊசிக்கு ஏது எச்சில்?” என்பார்.

கரண்டில் ஓடும் ஸ்டெரிலைசர் ஒன்று இருந்தது. தினமும் காலையில் கருவிகளை அதில் ஒரு கொதி கொதிக்க வைப்பதோடு சரி. அன்று விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லை. அந்த ஒரு கொதியும் இல்லை.

மெட்ராஸில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கிளினிக்கில் கிடைத்த வேலை பஞ்சு எடுத்துக் கொடுப்பது. போகட்டும். என்னோடு படித்த ஒருத்திக்குக் கடைசி வருஷத்தில் நோயாளிக்குப் போட்ட ஊசி விரலில் குத்திவிட்டது. மஞ்சள் காமாலை வந்து, பரீட்சை எழுதாமலே போய்ச் சேர்ந்தாள். அதனால் யார் வந்தாலும் காமாலை வந்திருக்கிறதா என்று கேட்பது எனக்கு வழக்கம். மாமாவுக்கு அது பிடிக்காது.

“முசே, உங்களுக்கு எப்பவாவது காமாலை வந்திருக்கா?” என்று ஆர்மானிடம் கேட்டேன்.

“ஏம்மா, பல்லு பிடுங்க வந்தவர்கிட்ட ஜாதகத்தையா கேப்பே?” என்றார் மாமா.

“கேக்கட்டும் டாக்டர். வந்துதும்மா, அல்ஜேரியாவுல இருந்தப்ப. அப்பவே சரியாப்போச்சு. போன தடவை பிரான்சுல, துலோன்ல இருக்கிற மவன் வீட்டுக்குப் போயிருந்தப்ப ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. டாக்டர் என்ன சொன்னாங்கிறீங்க? போர்த்தேர் சேன். சேன்னா நல்ல ஆரோக்கியம்.”

“போர்த்தேருன்னா? போர்ட்டரா?” என்று மாமா சிரித்தார். “பேரளம் ரயிலடியில மூட்டை தூக்கலாம்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டானா?”

“அதேதான் டாக்டர். பட்டாளத்துல மூட்டை சுமந்த உடம்பு இல்லையா? இந்த வயசுலயும் மூட்டை தூக்கறவன் மாதிரி கெட்டியா இருக்கேன்னு சொல்றான்.” ஆர்மான் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரெஞ்சும் தெரியாது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு மூட்டை தூக்குவதைப் பற்றி எந்த டாக்டர் பேசுவான்?

மாமாவின் கை நல்ல கை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊசி போட்டுப் பிடுங்கியதில் கடைவாய்ப் பல் வந்ததே ஆர்மானுக்குத் தெரியவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, மனைவி வந்து கூட்டிப்போவாள் என்று வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாமா தொட்டியடிக்குப் போனார்.

“மாமா, இதையெல்லாம் கொதிக்க வச்சுட்டு அடுத்தவங்களைக் கூப்பிடலாங்க.”

“கரண்ட் எங்கம்மா இருக்கு?”

“வீட்டுல மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கே.”

“உங்க அத்தைய கேட்டுக்க” என்றார், நுரைக்குள்ளிருந்து திரும்பாமல்.

கிளினிக்குக்குப் பின்னால்தான் வீடு. என் மாமியார் சொர்ணாம்பாள் வீங்கிய கன்னத்தில் துணியை ஒத்தியபடி அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இரண்டு நாளாகப் பல்வலி. ஊரார் எல்லாம் போன பிறகு கடைசியாக வருகிறேன் என்று காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஊரு எச்சிலை எல்லாம் என் அடுப்புல வேக வைக்கணுமா? சாமிக்குப் பாயசம் வைக்கிற ஸ்டவ்வு அது.”

“கொதிச்சா சுத்தமாயிடும் அத்தை.”

“இப்ப அது சுத்தமா இருக்கா, இல்லியா? இருந்தா எதுக்குக் கொதிக்க வைக்கறே? இல்லேன்னா என் அடுப்புக்கு எதுக்குக் கொண்டாரே?”

அந்த வீட்டில் சுத்தம் என்ற ஒன்று எல்லா வாசலிலும் காவல் நின்றது. வர வேண்டிய சுத்தம் மட்டும் எந்த வழியாகவும் உள்ளே வர முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

நாற்காலியில் குஞ்சம்மா இருந்தார். கோட்டுச்சேரிமேட்டுக்காரர், தலைச்சுமையாக மீன் விற்கிறவர். முப்பது வயதுதான் இருக்கும். நான் அடுப்புக்கு வாதாடிய நேரத்திலேயே மாமா ஊசி போட்டு முடித்திருந்தார். கன்னம் மரத்துக்கொண்டு வருவதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார் குஞ்சம்மா.

“எங்க ஊருல எல்லாம் இந்த டாக்டர்கிட்டதான் போவணும்பாங்க. எம்மாஞ் சுத்தம்! அவரு கை கழுவுறதைப் பாத்தாலே பாதி வலி போயிடுது.”

மாமா அடக்கமாகத் தலையசைத்தார். பல் வந்தது. குழியில் பஞ்சை வைத்தேன்.

“இறுக்கிக் கடிச்சுக்குங்க. வீடு போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பேசவும் கூடாது” என்றேன். தலையாட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஆர்மானின் மனைவி ழானெத் குடையோடு வந்து சேர்ந்தார். வெளியே ஓடி அவரைப் பிடித்தேன்.

“போர்த்தேர் சேன்னா என்னங்க அர்த்தம்?”

ழானெத் கணவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “உங்ககிட்டயும் மூட்டைக் கதையை அவுத்து விட்டாரா? அவரு காதுல பாதிதான் விழும். போர்த்தேர்னா சுமக்கறவர்தாம்மா. ஆனா மூட்டை இல்லை. அந்தக் காமாலைக் கிருமி இன்னும் ரத்தத்துல இருக்காம். இவருக்கு ஒண்ணும் பண்ணாதாம், மத்தவங்களுக்கு ஒட்டிக்குமாம். பிளேடு, பிரஷ் எல்லாம் தனியா வைக்கணும்னு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாங்க. டாக்டர்கிட்ட சொல்லிடுங்கன்னு காலையில கூடச் சொன்னேனே.”

பஞ்சு கடித்திருந்த ஆர்மான், சொல்லிவிட்டேன் என்று கையால் சைகை காட்டினார்.

உள்ளே போய் மாமாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். துண்டில் கையைத் துடைத்தபடி, “நான் தொழிலுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? ஒருத்தராவது எங்கிட்ட வந்து காமாலை ஒட்டிக்கிச்சுன்னு சொன்னதுண்டா?” என்றார்.

வந்தால் எப்படிச் சொல்வார்கள்? இரண்டு மூன்று மாதம் கழித்துக் கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பார்கள். பிடுங்கிய பல்லை யார் நினைப்பார்கள்? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்கதவு திறந்தது.

மாமியார் வந்தார். ஒரு கையில் பூஜையறை வெள்ளி டம்ளர், இன்னொரு கையில் துவைத்து மடித்த துண்டு. நாற்காலியின் மேல் துண்டை விரித்துத்தான் உட்கார்ந்தார். கிளினிக் டம்ளரை நகத்தால் தள்ளி வைத்துவிட்டுத் தன்னுடையதை அங்கே வைத்தார். மாமா அதே ஊசியை எடுத்தார். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. மருந்தை உறிஞ்சினார்.

“மாமா, வேண்டாங்க. ஆர்மானுக்குப் போட்ட ஊசி அது.”

“ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாச்சு.”

“ஸ்பிரிட்ல அந்தக் கிருமி சாகாதுங்க. காலேஜ்ல–”

“சுந்தரி, பஞ்சை எடு.”

மாமியார் வாயைத் திறந்தார். அந்த மனுஷி எனக்கு ஒன்றும் கெடுதல் செய்தவர் இல்லை. போன ஐப்பசியில் எனக்குக் குறைப்பிரசவம் ஆனபோது, என் தீட்டுத் துணியைத் தன் கையால் அலசிப் போட்டவர். அந்த வாய்க்குள் அந்த ஊசி போகிறது. கிருமி, ரத்தம், காலேஜ், பேராசிரியர் எதுவும் இங்கே செல்லாது. கடைசியில் நான் வாழ்நாளெல்லாம் வெறுத்த வார்த்தைதான் வெளியே வந்தது.

“அத்தை, அது எச்சில் ஊசி.”

மாமாவின் கை நின்றது.

“இப்பத்தான் ரெண்டு பேர் வாயில போயிட்டு வந்தது. கழுவலை. சும்மா துடைச்சிருக்கு.”

மாமியாரின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். மாமா, “அடி, திற, ஊசிக்கு ஏது…” என்று ஆரம்பித்தார். மாமியார் கணவரை ஏறிட்டுப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டார்.

“ஊரார் வாயில போட்டதையா எனக்குப் போட வந்தீங்க?” உதட்டைக் கொஞ்சமாகத்தான் பிரித்தார். “சுந்தரி, போய் அந்த ஸ்டவ்வை எடுத்தா. அது இனிமே இங்கயே கெடக்கட்டும்.”

எடுத்து வந்தேன். மாமா பம்ப் அடித்தார், தீக்குச்சி கிழித்தார். ஊசியும் கொறடும் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீரோ கொதிக்கிற வழியாகத் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேனாம். மூன்று வருஷமாகக் கெஞ்சினேன், படித்ததையெல்லாம் சொன்னேன், சண்டை போட்டேன், ஒன்றும் அசையவில்லை. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தப்பான வார்த்தை, எல்லாவற்றையும் முடித்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மாமியார் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இப்பப் போனாளே மீன்காரி, அவளுக்கும் அந்த எச்சில் ஊசிதானா?” என்றார்.

மாமா தண்ணீரைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோட்டுச்சேரி போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் குஞ்சம்மா, மடியில் காலிக் கூடையோடு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றேன். இரண்டு மூன்று மாசத்துக்குள் சோறு பிடிக்காமல் போனாலோ, அசதியாக இருந்தாலோ, கண் மஞ்சளானாலோ மருந்து அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், நேரே என்னிடம் வாருங்கள், நானே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அதுவரை வீட்டுக்காரரையும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புரியுதா?” என்றேன்.

குஞ்சம்மா தலையாட்டினார். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

“எதாவது கேக்கணுமா? கேளுங்க, பரவால்ல, வாயைத் திறங்க.”

வேண்டாம் என்று கையை ஆட்டினார். பஸ் நகர்ந்தது. கம்பியை விட மனமில்லாமல் கொஞ்ச தூரம் கூடவே போனேன். குஞ்சம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பஞ்சு வைத்த கன்னத்தை விரலால் தொட்டு, வலியே இல்லை என்று கையை அகல விரித்துக் காட்டினார்.