சம்பந்தி வந்த நாள்

குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் லேசாகக் கடகடத்தது. அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, பெட்டிக்கு அடியில் கையை விட்டு, தளர்ந்திருந்த திருகைத் துழாவிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் அவருடைய மனைவி இருந்தாள்.

"மாப்ள, இதையும் நீதான் பார்க்கணுமா? கடைக்காரனைக் கூப்பிட்டா வரமாட்டானா?" என்றாள் மனைவியின் அக்கா.

"கடைக்காரன் கூப்பிட்டா போற மெக்கானிக்கே நான்தான்க்கா."

துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் திருகை முடுக்கினார். சத்தம் நின்றது. எழுந்து உட்கார்ந்து கண்ணாடி மூடியைச் சட்டைக் கையால் துடைத்தார். "எதாவது உதறுற சத்தம் கேட்டா இவளுக்குத் தூக்கம் வராது" என்று பொதுவாகச் சொன்னார். உள்ளே அவள் முகம், ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டு அதை வெளியே காட்டிக்கொள்ளாத முகமாக இருந்தது.

அவர் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். அவள் பள்ளி வேன் ஓட்டினாள். ஒரு கோடையில் வேனுக்குள்ளேயே பிள்ளைகள் இரண்டு பேர் மயங்கிச் சரிந்தார்கள். அன்று ஆரம்பித்தது. வருஷத்துக்கு வருஷம் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று கண்டவரையெல்லாம் கேட்டாள். அதே கேள்வியோடு திரிந்த சிலர் நூலகத்தின் பின்னறையில் கூடுகிறார்கள் என்று அறிந்து அங்கே போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து மலைக்குப் போனாள். நிலக்கரிக்காக அந்த மலையைப் பிளக்கப் போகிறார்கள் என்று, காலங்காலமாக அங்கே வாழும் பழங்குடிகள் பாதையை மறித்துப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள்தான். அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டில் தங்கவில்லை. காய்கறி, மருந்து, மழைக்கோட்டு, ஆட்கள் என்று வேன் மலைக்கும் ஊருக்குமாக ஓடியது.

"ஊரு கொதிச்சாத்தான் உன் பொழப்பு ஓடும். நான் ஊரைக் குளிர வைக்கப் பார்க்கிறேன். ஒரே வீட்ல ஆளுக்கொரு கட்சி" என்று அவரைச் சீண்டுவாள்.

"நீ ஜெயிச்சா நான் கடையைச் சாத்திட்டு உன் வேன்ல கிளீனரா வந்துடறேன்" என்பார் அவர்.

போனில் அவள் அடிக்கடி ஒருத்தியைச் "சம்பந்தி, சம்பந்தி" என்று அழைத்துப் பேசுவாள். இருப்பது ஒரே மகள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. யாரடி அது சம்பந்தி என்று கேட்டார். "மலையில இருக்கிறவங்க. அவங்க தண்ணியைத்தானே நம்ம குழாயில குடிக்கிறோம்? பொண்ணெடுத்த வீடு மாதிரி. வாங்கிக்கிட்டே இருந்தா போதுமா, சீர் செய்ய வேணாமா?" என்றாள்.

நேற்று பகலில் வேனில் மூட்டைகளை ஏற்றி முடித்து, பின்படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். அவர் உள்ளே போய் எடுத்து வந்தார். அதற்குள் வேன் கதவில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாளாக்கும் என்று நினைத்து, எழுப்ப மனசு வராமல், டம்ளரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். இதயம் சட்டென்று நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

வேன் இன்னும் அப்படியே மூட்டைகளோடு வாசலில் நின்றது.

நூலகத்துக் கூட்டத்தினர் காலையிலேயே வந்துவிட்டார்கள். இரண்டு ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், தாடி வைத்த தபால்காரர், கல்லூரிப் பெண்கள் சிலர். அழுதார்கள். பிறகு சுவரோரம் கூடிக் கிசுகிசுத்தார்கள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கோர்ட்டுத் தடை நேற்றோடு முடிந்தது. இன்று பிற்பகல் இயந்திரங்கள் மலையேறுகின்றன. மகளோ சாயங்காலம்தான் விமானத்தில் வந்து இறங்குகிறாள். அவள் வந்த பிறகே அடக்கம். இவர்கள் சாவு வீட்டில் இருந்தால் மலையில் இருக்க முடியாது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். தலைமுடி பாதி நரைத்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியருகே போய் நின்றாள். கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர் ஏறியிருக்க வேண்டும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"சம்பந்தி" என்றாள், மிக மெதுவாக.

அவர் எழுந்துவிட்டார். இத்தனை வருஷம் போன் வழியாக மட்டும் கேட்ட குரல். "உட்காருங்க சம்பந்தி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அக்காவுக்குக் குடும்பத்தில் 'சைரன்' என்று பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள்; குரலும் அப்படி. தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். தங்கை அந்த வண்டியை மலைக்குத் திருப்பியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நீங்கதானா அது?" என்றாள் அக்கா. "மூட்டை தூக்கித் தூக்கியே போய்ட்டா என் தங்கச்சி. தெரியுமில்ல?"

"அக்கா" என்றார் அவர்.

"நீ சும்மா இரு மாப்ள. ரோட்டை மறிக்கிறவங்க யாரா இருந்தாலும் எனக்கு ஆகாது. நியாயம் இருக்கும், இல்லேங்கல. பின்னாடி ஒரு உசிரு துடிக்கும், முன்னாடி கொடியைப் புடிச்சுட்டு நிப்பாங்க. கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருப்பேன், துடிப்பு அடங்கிடும். அதை நான் பார்த்திருக்கேன். நீங்க பார்த்ததில்ல."

மலைக்காரி பெட்டியிலிருந்து கையை எடுத்து, மரத்துப்போன விரல்களை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்ததே இல்லைங்க" என்றாள். "கூப்பிட்டா, ரோடு சரியில்லம்பாங்க. கரியை வெட்டிட்டுப் போக மட்டும் ரோடு போடறாங்க. என் மருமவளுக்கு வலி வந்தப்போ உங்க தங்கச்சிதான் வேன்ல போட்டுக்கிட்டு இறங்கினாங்க. பேத்தி வேன்லயே பொறந்துட்டா. அதுக்கப்புறமும் எத்தனையோ பேரு. பந்தல் போட்ட அன்னைக்கே அவங்க ஒண்ணு சொன்னாங்க. யாரு வண்டியா இருந்தாலும், உள்ள நோயாளி இருந்தா மூச்சு விடறதுக்குள்ள வழி விடணும், இல்லேன்னா நான் வரமாட்டேன்னு. எங்கக்கா ஆம்புலன்ஸ் ஓட்றா, அவ மூஞ்சில நான் முழிக்கணும்னு."

அக்கா முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வேன்ல பொறந்துச்சா?" என்று கடைசியில் கேட்டாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே அந்தக் கழுதை."

"சொன்னா லைசென்ஸ் இல்லாம ஆம்புலன்ஸ் ஓட்டுறியான்னு நீங்க கத்துவீங்களாம்."

"கத்தியிருப்பேன்."

மலைக்காரி பெட்டிக்கு முன் குனிந்து ஒருமுறை வணங்கிவிட்டு, அவரிடம் திரும்பினாள். "நான் இருந்து மண்ணு போடணும். முடியாது. கோவிச்சுக்காதீங்க. பந்தல்ல பொம்பளைங்க மட்டும் இருக்காங்க."

"எப்படிப் போவீங்க?"

"பெரிய ரோடு வரைக்கும் பஸ்ஸு. அப்புறம் நடைதான். வந்ததும் அப்படித்தான்."

அவர் சுவரோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். போகிறோம் என்று சாவு வீட்டில் சொல்ல யாருக்குத்தான் நாக்கு எழும்? அவர் பெட்டியைப் பார்த்தார். இத்தனை பேர் சுற்றி நிற்க அவளை வழியனுப்பலாம் என்று விடிந்ததிலிருந்து நினைத்திருந்தார். அந்த நினைப்பு ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆறுதல்.

"கிளம்புங்க எல்லாரும்" என்றார். "அவ எழுந்து உட்கார்ந்தா உங்களை இங்க நிக்க விடுவாளா? துடைப்பத்தைத் தூக்கியிருப்பா."

தாடித் தபால்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார். வேன் செருமியது, துள்ளியது, அணைந்தது. மறுபடி செருமியது. கியர் பற்கள் நறநறவென்று அரைபடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அக்காவின் தாடை இறுகியது. மூன்றாவது முறை அரைபட்டபோது எழுந்தே விட்டாள்.

"இறங்குய்யா" என்றாள் வாசலில் போய். "வண்டியா அது, அம்மிக்கல்லா? இந்த ஆளு ஓட்டினா மலைக்கு இல்ல, நேரா இவ பக்கத்துலயே போய்ப் படுக்க வேண்டியதுதான்."

அவர் பின்னாலேயே ஓடினார். "அக்கா, அடக்கம்…"

"சாயங்காலம்தானே? இறக்கிவிட்டுட்டு வந்துடறேன். ஆயுசு பூரா நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவ நான்." ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். தங்கை குள்ளம், இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருந்தது. அக்காவின் முழங்கால்கள் இடித்தன. பின்னுக்குத் தள்ளும் பிடியில் கை வைத்தாள், தள்ளாமல் எடுத்துவிட்டாள். "நான் வராம மூடாதே மாப்ள" என்றாள். மலைக்காரி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வேன் ஒரு முனகலும் இல்லாமல் நகர்ந்தது.

அப்புறம் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. பக்கத்து வீட்டு முதியவர் இருவரும், தூரத்து உறவுகள் சிலருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் கம்ப்ரஸரின் சீரான ஓட்டத்தைக் கேட்டபடி இருந்தார். சாயங்காலம் மகள் வந்தாள். பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் நிமிர்ந்து, "பெரியம்மா எங்கப்பா?" என்றாள்.

"மலைக்குப் போயிருக்கா."

மகள் நம்பாமல் அவரைப் பார்த்தாள். "நம்ம பெரியம்மாவா?"

இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. வெட்டியவர் இரண்டு முறை வானத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் போகுதுங்க" என்றார். உறவுகள் வாட்சைப் பார்த்தார்கள். அக்கா போனை எடுக்கவில்லை. மேலே என்ன நடக்கிறதோ, தடியடியோ கைதோ என்று அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் பார்த்திருப்பார். வேன் சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகுதான் சாப்பாடு இறங்கும். அதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருப்போம்பா" என்றாள் மகள், அவர் கேட்காமலே.

சூரியன் மரங்களுக்குக் கீழே போன பிறகு வேன் வந்தது. அக்கா இறங்கி நடந்து வந்தாள். சேலை முழங்கால்வரை புழுதி. குரல் முழுதாகக் கட்டியிருந்தது. சைரனை முதல்முறையாகக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"மிஷினு வந்துச்சு" என்றாள். "அவங்கெல்லாம் உட்கார்ந்தாங்க. நான் இறக்கிவிட்டுட்டுத் திரும்பத்தான் பார்த்தேன். வண்டி குறுக்கே நின்னுபோச்சு."

"நின்னுபோச்சா?"

"நிறுத்தினேன். சாவி கொடும்மான்னான் மிஷின்காரன். தொலைஞ்சுபோச்சுன்னேன். ரொம்ப நேரம் தேடினான் பாவம், நானும் கூடவே தேடினேன்." மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "இருட்டப் போகுதுன்னு திரும்பிப் போய்ட்டாங்க. இன்னைக்கு."

"நாளைக்கு?"

அக்கா குழியருகே போனாள்.

அவளைக் குழிக்குள் இறக்கினார்கள். முதலில் அவர் மண் போட்டார், பிறகு மகள். அக்கா குனிந்து இரண்டு கையிலும் அள்ளினாள். ரவிக்கைக் கைக்குக் கீழே, முன்கை நீளத்துக்குக் கறுப்பு மார்க்கரில் ஒரு போன் எண் எழுதியிருந்தது. போலீஸ் பிடித்தால் கூப்பிட வேண்டிய வக்கீலின் எண். அதை அவருக்கு மனப்பாடமாகவே தெரியும். மலையிலிருந்து திரும்பும் ராத்திரிகளில் மனைவி குளியலறை வாசலில் கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள், அவர் பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு இலக்கமாகத் துடைத்தெடுப்பார்.

மண் விழுந்து முடிந்தது. அக்கா கைகளைத் தட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"எண்ணெய் வச்சுத் தேய்ச்சா போயிடும்க்கா" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா.